வாடகை வீட்டில் பழுது யார் பொறுப்பு? காவிரிப் படுகை வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கான பக்கம் இது. இந்த மண்ணில் வீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மேலே இருந்து மழை, கீழே இருந்து ஓதம், பக்கத்தில் சாக்கடை. அதனால் தண்ணீர் சம்பந்தப்பட்ட பதில்கள் நீளமாகவும் மற்றவை சுருக்கமாகவும் இருக்கும்.

எந்தப் பழுது என் செலவு, எது குடித்தனக்காரர் செலவு?

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை இதைப் பிரித்துச் சொல்கிறது.

உங்கள் பங்கு நான்கு: கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதுகள் (குடித்தனக்காரர் உடைத்தது தவிர), சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும், தேவைப்படும்போது குழாய் மாற்றுவது, உள்ளும் புறமும் மின் வயரிங்.

அவர் பங்கு அன்றாடப் புழக்கத்தில் தேய்வதும் அடைப்பதும்: டேப், வாஷர், சாக்கடை அடைப்பு, கழிப்பறைக் கோப்பை, வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், பிளக், டிரிப்பர், பூட்டு, தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, அவரிடம் விட்ட தோட்டம்.

இது ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதபோது பொருந்தும் பட்டியல். தகராறு வருவது இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் சாமான்களில்தான்: போர் மோட்டார், அதன் பேனல், மேல்நிலைத் தொட்டியின் மிதவை வால்வு, செப்டிக் டேங்க், இன்வெர்ட்டர் பாட்டரி. இந்த ஐந்துக்கும் யார் பணம் கொடுப்பது என்று ஆளுக்கொரு வரி எழுதிவிடுங்கள். மோட்டார் ரீவைண்டிங் வீட்டுக்காரர், பேனலில் கெப்பாசிட்டர் போனால் குடித்தனக்காரர் என்று பிரித்துக்கொண்டால் இருவருக்கும் நியாயமாக இருக்கும். ஒரே மோட்டாரில் நான்கு குடித்தனம் என்றால் அது முழுக்க உங்கள் கணக்கு. பாகம் பிரிக்கப் போனால் மோட்டார் ஓடாமலேயே கிடக்கும்.

பதினோரு மாதப் பத்திரம்தானே, இதெல்லாம் அதற்கும் பொருந்துமா?

பொருந்தும். ஓராண்டுக்குக் குறைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டாம் என்பது பதிவுச் சட்டத்தின் கணக்கு. 2017 சட்டப்படி எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் வாடகை அதிகாரி. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

நான் பழுது பார்க்காமல் விட்டால் அவர் என்ன செய்ய முடியும்?

உங்கள் பொறுப்பில் உள்ள வேலையை நீங்கள் மறுத்தால், அவரே ஆள் வைத்துச் செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் கழிப்பது அந்த மாத வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. வாடகை 8,000, வேலை 14,000 என்றால் 4,000 வீதம் மூன்று மாதம், நான்காவது மாதம் 2,000. பழுது பார்க்காமல் குடியிருக்கவே முடியாது என்ற நிலை வந்து, எழுத்தில் கேட்டும் நீங்கள் செய்யாவிட்டால், 15 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்துவிட்டு அவர் காலி செய்து போகலாம்.

மறுபக்கமும் உண்டு. அவர் செய்ய வேண்டியதை அவர் செய்யாவிட்டால் நீங்கள் செய்து அட்வான்ஸில் கழிக்கலாம். குறைந்த அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் அவர் நிரப்ப வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ரசீதும் தேதியிட்ட படமும் வேண்டும். "கொத்தனாரிடம் கொடுத்தேன்" என்ற வாய்ச்சொல் எங்கேயும் நிற்காது.

மொட்டை மாடி ஒழுகுகிறது. மேலே இன்னொரு தளம் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். இந்த வட்டாரத்தில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். பழைய தட்டோட்டின் மேலேயே மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் கலவை ஏற்றினால் சதுர அடிக்குச் சுமார் 12 முதல் 13 கிலோ எடை கூடுகிறது. 600 சதுர அடி மாடிக்கு ஏழு டன்னுக்கு மேல். ஒழுகியதால் ஏற்கெனவே கம்பி துருப்பிடித்த தளத்தின் தலையில்தான் அதை வைக்கிறோம். பழையதைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம், அல்லது இருப்பதைச் சீர் செய்யலாம்.

முதலில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மழை விட்டு ஒரு நாள் கழித்தும் குட்டை கட்டியிருக்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பாதி ஒழுகல் ஓட்டையால் வருவதில்லை, வாட்டம் இல்லாததால் வருகிறது. 60 அடிக்கு ஒரு அடியாவது சரிவு வேண்டும், அதாவது பத்தடிக்கு இரண்டு அங்குலம். அடுத்தது மழைநீர்க் குழாய். மணிக்கு 100 மி.மீ. கொட்டும் மழையில் ஒரு நான்கு அங்குலக் குழாய் சுமார் 450 சதுர அடித் தண்ணீரைத்தான் இறக்கும். ஆயிரம் சதுர அடி மாடிக்கு ஒரே குழாய் வைத்த வீடுகள் ஏராளம். அதன் வாயில் வேப்பிலையும் நைலான் பையும் அடைத்தால் மாடி குளமாகிவிடும்.

வாட்டமும் குழாயும் சரியாக இருந்து விரிசல்தான் காரணம் என்றால் வேலை இப்படி:

விரிசலை அரை அங்குல ஆழத்துக்கு 'வி' வடிவில் கீறி, தூசியை ஊதி எடுக்க வேண்டும். பாலிமர் கலந்த சிமெண்ட் கலவையால் அடைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை முழுக்கச் சாய்வாகக் கலவை பிடிக்க வேண்டும். ஒழுகல் பெரும்பாலும் அந்த மூலையில்தான் நுழைகிறது. பிறகு அக்ரிலிக் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட்டு, நடுவில் ஃபைபர் வலை. முதல் கோட்டு முழுசாகக் காய்ந்த பிறகு, அதற்குக் குறுக்காக இரண்டாவது. கைப்பிடிச் சுவரில் ஒரு அடி உயரம் வரை பூச்சு ஏற வேண்டும்.

முடிந்ததும் குழாய் வாயைத் துணியால் அடைத்து ஒரு அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். கீழே கறை தெரியாவிட்டால்தான் ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை.

காலம் முக்கியம். பங்குனி, சித்திரையில் தளம் எலும்பாகக் காய்ந்திருக்கும்போது செய்த பூச்சு நிற்கும். புரட்டாசியில் இரண்டு மழைக்கு நடுவில் அவசரமாக அடித்தது, உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகித் தள்ளுவதால் கொப்பளித்து உரியும். ஐப்பசியில் ஒழுகினால் அப்போதைக்குத் தார்ப்பாய் விரித்துச் சமாளித்துவிட்டு வெயில் காலத்தில் செய்யுங்கள். அதைக் குடித்தனக்காரரிடம் எழுதியே சொல்லிவிடுங்கள்.

அறைக்குள் கூரைக் கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. பூசிவிட்டால் போதுமா?

போதாது. அறையைக் காலி செய்யச் சொல்லுங்கள், அது முதல் வேலை. உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. நாகை, தரங்கம்பாடி, வேதாரண்யம் கரையோரம் உப்புக் காற்று இதை வேகப்படுத்தும். உவர்த் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

சுத்தியலால் தட்டி 'டொக்கு' சத்தம் வரும் இடம் முழுவதையும் கொத்தி, கம்பியின் பின்பக்கம் விரல் போகும் அளவுக்குத் திறக்க வேண்டும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, ஒட்டும் கோட்டு ஈரமாக இருக்கும்போதே பாலிமர் கலவையை இரண்டு மூன்று படலமாக ஏற்ற வேண்டும். சாதா சிமெண்ட் பூச்சு ஒரு மழைக்காலம்கூட நிற்காது. கம்பியின் கனத்தில் கால்வாசிக்கு மேல் துரு தின்றிருந்தால் கொத்தனாரோடு நிறுத்தாமல் கட்டடப் பொறியாளரை அழையுங்கள். மாடி ஒழுகலை நிறுத்தாமல் கீழே பூசுவது வீண் செலவு.

ஓட்டு வீடும் மெட்ராஸ் டெரஸ் வீடும் விட்டிருக்கிறேன். அவற்றுக்கு?

நாட்டு ஓடாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை, ஆவணி கடைசிக்குள் ஏறிப் பார்க்க வேண்டும். உடைந்த ஓட்டை மாற்றி, நகர்ந்ததை அடுக்கி, முகட்டோட்டுக் கலவையைப் புதுப்பிக்க வேண்டும். குரங்கு நடமாட்டம் உள்ள தெருக்களில் ஆண்டுக்கு இரண்டு தடவை. நூறு ஓடாவது கொல்லையில் இருப்பு வையுங்கள், அதே அளவு ஓடு இப்போது தேடினாலும் எளிதில் கிடைப்பதில்லை. கைமரத்தின் நுனியை, சுவருக்குள் போகும் இடத்தில், ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் மரம் மக்கிவிட்டது.

மெட்ராஸ் டெரஸில் மரச் சட்டத்தின் மேல் செங்கலைச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பில் ஜல்லித் தளம் போட்டு, தட்டோடு பதித்திருப்பார்கள். அது வெயிலுக்கும் மழைக்கும் லேசாக அசைந்து கொடுக்கும். அதன்மேல் சிமெண்ட் தளம் போட்டால் சிமெண்ட் விறைத்து நிற்கும், ஒரே ஆண்டில் விரியும், தண்ணீர் நேராக மரத்துக்குப் போகும். சுண்ணாம்பால் கட்டியதைச் சுண்ணாம்பால்தான் சரி செய்ய வேண்டும். கடுக்காய்த் தண்ணீரில் புளிக்க வைத்த சுண்ணாம்புக் கலவை தெரிந்த கொத்தனார் ஊருக்கு ஒருவராவது இருப்பார், வயதானவராக.

மாடிச் சுவரில் முளைத்த அரசஞ்செடியைத் தண்டோடு ஒடித்து விடாதீர்கள், இன்னும் கெட்டியாகத் துளிர்க்கும். நாலு செங்கலைப் பிரித்தாவது வேரை எடுக்க வேண்டும்.

சுவரின் அடியில் மூன்றடிக்கு உப்புப் பூத்துப் பொரிகிறது. குடித்தனக்காரர் அதிகம் தண்ணீர் புழங்குவதாலா?

இல்லை, அது ஓதம். மண்ணிலிருந்து செங்கல் உறிஞ்சி ஏற்றும் ஈரம். அட்வான்ஸில் கழிக்க முடியாது. பொரிந்த பூச்சை ஈரம் ஏறிய உயரத்துக்கு மேல் ஒன்றரை அடி வரை கொத்தி, ஒரு கோடை முழுக்கத் திறந்து உலரவிட்டு, பழைய சுவர் என்றால் சுண்ணாம்புப் பூச்சு பூசுங்கள். சிமெண்ட் பூசினாலோ டைல்ஸ் ஒட்டினாலோ ஈரம் இன்னும் மேலே ஏறி நெஞ்சுயரத்தில் பொரியும்.

தெரு உயர்ந்ததும் ஒரு காரணம். தார் மேல் தார் போட்டு, ஒரு காலத்தில் நாலு படி ஏறிப் போன திண்ணைகள் இன்று தெரு மட்டத்தில் இருக்கின்றன. வாசலில் ஒரு குறுக்குக் கால்வாயும் சுவரோரம் வெளிப்பக்கம் சரியும் சிமெண்ட் பட்டையும் போட்டால் பாதி குறையும். வீட்டின் தரையை உயர்த்தினால் கதவு நிலை, ஜன்னல், மின் பிளக் எல்லாம் தாழ்ந்துவிடும். கணக்குப் போட்டு இறங்குங்கள்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல். பயப்பட வேண்டுமா?

படுகையின் களிமண் மழையில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். அதனால் ஆண்டுக்கொரு முறை திறந்து மூடும் மெல்லிய விரிசல் சாதாரணம். விரிசலின் இரு முனையிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதி ஆறு மாதம் பாருங்கள். நீளாமல் 3 மி.மீ.க்குள் இருந்தால் கோடையில் அடைக்கலாம். 5 மி.மீ.யைத் தாண்டினால், கதவு திடீரென்று இறுகினால், விரிசலின் இரு பக்கமும் மட்டம் மாறினால் பொறியாளர் பார்க்க வேண்டும். அடித்தளத்தை ஒட்டி ஒழுகும் சாக்கடைக் குழாயை முதலில் தேடுங்கள், பல சமயம் குற்றவாளி அதுதான்.

மழைக்காலத்தில் கழிப்பறைத் தண்ணீர் இறங்குவதில்லை. டேங்க் நிறைந்துவிட்டதா?

நிறைந்தும் இருக்கலாம். ஆனால் ஐப்பசியில் திடீரென்று வந்தால் பெரும்பாலும் நிலத்தடி நீர் உயர்ந்து உறிஞ்சுகுழியே மூழ்கியிருக்கும். அப்போது லாரி வைத்து உறிஞ்சினாலும் இரண்டு நாளில் திரும்ப நிறையும். குடித்தனக்காரர் சாக்கடைக்குப் பொறுப்பு என்று அட்டவணை சொல்வது வீட்டுக்குள் அடைப்புக்கு. உறிஞ்சுகுழி வேலை செய்யாதது கட்டடத்தின் குறை.

செய்ய வேண்டியது: இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, ஆவணிக்குள், உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியால் உறிஞ்ச வேண்டும். அடியில் கொஞ்சம் சேற்றை விட்டுவைக்கலாம், கழிவைச் செரிக்கும் கிருமிகள் அதில்தான் இருக்கின்றன. ஆயத்த பிளாஸ்டிக் டேங்கை மழைக்காலத்தில் முழுக்கக் காலி செய்யாதீர்கள். வெளியே நிற்கும் தண்ணீர் அதை மேலே தூக்கிவிடும். காற்றுக் குழாயின் வாயில் நைலான் வலை கட்டுங்கள், கொசு அங்கிருந்துதான் கிளம்புகிறது. மூடி விரிந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்; குழந்தைகள் அதன்மேல்தான் விளையாடுவார்கள்.

ஆளை உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்க்கும். 2013-ஆம் ஆண்டு மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கி வேலை வாங்கினால் முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "அவராகத்தான் இறங்கினார்" என்பது உதவாது.

கீழ்நிலைத் தொட்டியில் வெள்ளநீர் புகுந்துவிட்டது.

முழுக்க வெளியேற்றி, சேற்றைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்புங்கள். ஆயிரம் லிட்டருக்கு 160 முதல் 170 கிராம் பிளீச்சிங் பவுடர் (30% குளோரின் உள்ளது, புதிதாக வாங்கியது) வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். நான்கு மணி நேரம் நிறுத்தி, அந்தத் தண்ணீரை எல்லாக் குழாய் வழியாகவும் திறந்துவிட்டு, காலி செய்து நல்ல தண்ணீர் நிரப்புங்கள். சாதாரணக் காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும். தொட்டியின் வாய் தரை மட்டத்திலிருந்து ஒரு அடியாவது உயர்ந்திருந்தால் இந்தப் பாடே இருக்காது.

போர் தண்ணீர் பிடித்து வைத்ததும் மஞ்சளாகிறது என்றால் அதில் இரும்புச்சத்து. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் பூவாளி மாதிரிச் சிதறி விழும்படி வைத்தால் இரும்பு காற்றுபட்டுப் படியும், தொட்டியை அடிக்கடி கழுவ வேண்டும். உப்புத் தண்ணீர் ஊர்களில் ஜி.ஐ. குழாயைத் திரும்பத் திரும்ப ஒட்டுப் போடாமல் பிளாஸ்டிக் குழாய்க்கு மாறிவிடுங்கள்.

மின்சாரத்தில் என் கடமை எது வரை?

வயரிங், மெயின் போர்டு, எர்த். மழையில் சுவர் ஓதமேறும் ஊரில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இல்லாத வீட்டை வாடகைக்கு விடுவது விபத்தை வரவழைப்பது. அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மி.மீ. வயர். பழைய மரச் சட்டத்து வயரிங்கில் குடித்தனக்காரர் ஏசி மாட்டக் கேட்டால் தனி லைன் இழுத்த பிறகே சம்மதியுங்கள். மழைக்கு மட்டும் டிரிப் ஆகிறது என்றால் டிரிப்பரைத் திட்டாதீர்கள். வெளி விளக்கிலோ மோட்டார் லைனிலோ ஈரம் இறங்கியிருக்கிறது, அதைத் தேடுங்கள்.

கரையான்?

நிலைக்கதவு அரிப்பது உங்கள் பொறுப்பு. தரையும் சுவரும் சேரும் கோட்டில் ஒரு அடிக்கு ஒரு 12 மி.மீ. துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்துக் கரைசல் செலுத்தி அடைக்க வேண்டும். புற்றின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவது ஒரு வாரத்துக்குத்தான்.

காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது வழக்கம். சரியா?

வழக்கம்தான். ஆனால் அட்டவணைப்படி வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பங்கு, இயல்பான தேய்மானத்துக்குக் குடித்தனக்காரர் பொறுப்பில்லை. ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் கேளுங்கள். சுவரில் ஆணி அடித்துப் பெயர்த்தது, குழந்தை கிறுக்கியது போன்றவற்றைத் தனியாக மதிப்பிடலாம். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும்.

பழுது பார்க்க எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாமா?

உங்கள் வீடானாலும் முடியாது. 24 மணி நேரம் முன்பே காரணம், நாள், நேரம் சொல்லி எழுத்தில் அறிவிக்க வேண்டும். காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் போகலாம்.

வாடகை பாக்கி. தண்ணீரை நிறுத்திவிட்டால்?

சட்டவிரோதம். தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, கழிவுநீர் எதையும் நிறுத்தக் கூடாது. அவர் வாடகை அதிகாரியிடம் போனால் உடனே திறக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு வரும், உங்கள் பாக்கி வழக்கும் பலவீனப்படும்.

புயலில் மாடிக் கொட்டகை பறந்துவிட்டது. யார் செலவு?

உங்கள் செலவு. 16.11.2018 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலில் சிமெண்ட் சீட்டும் தகரமும் பறந்தபோது, வழக்கமாக முதலில் விடுபட்டது ஓரத்து சீட்டுதான். காற்று விளிம்புக்கு அடியில் புகுந்து தூக்கும். அதனால் ஓரத்திலும் முகட்டிலும் கொக்கி ஆணியை நடுவில் உள்ளதைவிட நெருக்கமாகப் போட்டு, ரப்பர் வாஷரோடு இறுக்குங்கள். குழாய்த் தூணைத் தளத்தில் தகடு வைத்து போல்ட் போடாமல் சும்மா சிமெண்டில் நட்டிருந்தால் அது காற்றாடிதான். காலித் தண்ணீர்த் தொட்டியும் பறக்கும், புயல் அறிவிப்பு வந்ததும் நிரப்பிவிடச் சொல்லுங்கள்.

வீட்டின் முக்கியப் பகுதியே நிரந்தரமாகப் பயன்படாமல் போனால், 1882 சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவுப்படி குத்தகையை முடித்துக்கொள்ளும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு.

பழுது பார்த்ததற்காக வாடகையை உயர்த்தலாமா?

ஒழுகலை நிறுத்தியதற்கு உயர்த்த முடியாது, அது கடமை. புதிதாக ஓர் அறை, கூடுதல் குளியலறை போன்ற மேம்பாட்டுக்கு, வேலை தொடங்கும் முன்பே தொகை பேசி முடித்திருந்தால், வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து உயர்த்தலாம்.

ஒத்திக்கு விட்ட வீட்டில்?

பத்திரத்தில் உண்மையான ஒத்தியாக இருந்து அனுபோகம் ஒத்திக்கு எடுத்தவரிடம் இருந்தால், வீட்டு வருமானத்திலிருந்து முடிந்த அவசியப் பழுதுகளை அவர்தான் பார்க்க வேண்டும் (1882 சொத்துரிமை மாற்றுச் சட்டம், 76-ஆம் பிரிவு). பெயருக்கு ஒத்தி, நடைமுறையில் பெரிய அட்வான்ஸ் கொடுத்த வாடகை என்றால் தகராறு நிச்சயம். பத்திரத்தில் பழுதுக்கென்று தனி வரி எழுதுங்கள்.

மனை கோயிலுடையது, கட்டடம் என்னுடையது.

அடிமனை வாடகை கட்டும் வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. ஓடு மாற்றுவதும் பூசுவதும் வேறு, ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் போடுவதும் மாடி எழுப்புவதும் வேறு. இரண்டாவது வகைக்குக் கோயில் நிர்வாகத்திடமோ மடத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே செங்கல் இறக்குங்கள். குடித்தனக்காரர் பாகத்தில் சுவர் மாற்றினாலும் கேள்வி உங்களிடம்தான் வரும்.

செலவை வருமான வரியில் காட்டலாமா?

சொத்து வரி கழித்த வாடகையில் 30% நேராகக் கழியும், நீங்கள் ஒரு ரூபாய் செலவழித்தாலும் ஒரு லட்சம் செலவழித்தாலும். பழுது ரசீதைத் தனியாகக் கழிக்க முடியாது.

புதுக் குடித்தனம் வரும் நாளில் என்ன செய்து வைக்க வேண்டும்?

ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவர், கூரை, தரை, எல்லா டேப்பும் திறந்த நிலையில், மெயின் போர்டு, மீட்டர் எண், தொட்டி மூடி, செப்டிக் மூடி என்று இருவரும் இருக்கும்போது படமெடுத்து ஒரே பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். ஏற்கெனவே உள்ள விரிசலையும் கறையையும் நீங்களே சுட்டிக்காட்டி எழுதுங்கள். பிளம்பர், எலக்ட்ரீஷியன், மோட்டார்காரர் எண்களை மீட்டர் பெட்டிக்குள் ஒட்டி, எவ்வளவு ரூபாய் வரை உங்களைக் கேட்காமலே அழைக்கலாம் என்று தொகையும் எழுதிவிடுங்கள். தீபாவளி இரவு மோட்டார் நின்றால் அந்தத் தாள்தான் பேசும்.